போன் கேமராவில் ஃபோகஸ்: ஏற்காட்டுப் பனி முதல் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வரை கேட்கப்படும் கேள்விகள்

ஃபோகஸ் என்றால் தூரம். லென்ஸுக்கு முன்னால் எத்தனை தொலைவில் இருப்பது தெளிவாக விழ வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். போன் முடிவு செய்யலாம், நீங்களும் செய்யலாம். ஃபோகஸ் மோட் என்று சொல்வதெல்லாம் அந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். கீழே உள்ளவை சேலத்திலும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் படம் எடுப்பவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல்கள். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். எங்கே பொருந்தாதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

என் போனில் ஃபோகஸ் மோட் என்று ஒரு பட்டனே இல்லையே?

இருக்கிறது, பெயர் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கேமராவைத் திறந்து சும்மா பிடித்தால் ஓடுவது தொடர் ஃபோகஸ். காட்சி மாற மாற போன் தானாகவே தூரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். திரையில் ஓரிடத்தைத் தட்டினால் ஒற்றை ஃபோகஸ்: தட்டிய இடத்தின் தூரத்தைப் பிடித்து நிற்கும். ஆனால் போன் கொஞ்சம் நகர்ந்தாலோ, யாராவது குறுக்கே போனாலோ பழையபடி தொடர் ஃபோகஸுக்குத் திரும்பிவிடும். "தட்டினேன், ஆனாலும் மாறிவிட்டது" என்பவர்களின் குறை இதுதான்.

தட்டிவிட்டு விரலை எடுக்காமல் ஒன்றிரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் லாக் ஆகும். ஐபோனில் மேலே மஞ்சள் பட்டையில் 'ஏஇ/ஏஎஃப் லாக்' என்று வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் சின்னப் பூட்டு தெரியும். லாக் ஆனபின் போனை எங்கே திருப்பினாலும் தூரம் மாறாது. கூடவே வெளிச்சமும் லாக் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து அதைத் தனியாகச் சரிசெய்துகொள்ளலாம்.

நான்காவது, மேனுவல். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோடுக்குள் 'எம்எஃப்' என்று இருக்கும். ஒரு முனையில் பூ, மறுமுனையில் மலை வரைந்த ஒரு கோடு. பூப் பக்கம் கிட்டம், மலைப் பக்கம் எட்டம். ஐபோனின் சொந்த கேமரா ஆப்பில் இது கிடையாது. வேண்டுமானால் தனி கேமரா ஆப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் லாக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி அதைத்தான் கேட்கும்.

போனுக்குள் ஃபோகஸ் எப்படி நடக்கிறது?

லென்ஸைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், பக்கத்தில் குட்டிக் காந்தம். சுருளில் மின்சாரம் மாறினால் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். எவ்வளவு நகரும்? வழக்கமான ஒரு மெயின் கேமராவில், ஃபோகஸ் எதிர் மலையை விட்டு, லென்ஸுக்கு 10 செ.மீ. முன்னால் இருக்கும் பூவுக்கு மாற, லென்ஸ் நகர்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைவிடக் குறைவு. இந்தச் சின்ன இடத்துக்குள்தான் எல்லாச் சண்டையும்.

எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய வழி, லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, விளிம்புகள் எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகின்றனவோ அங்கே நிறுத்துவது. தாண்டிப் போனால்தான் தாண்டியது தெரியும் என்பதால் திரை ஒருமுறை மங்கித் தெளியும். அதைத்தான் ஃபோகஸ் 'தேடுகிறது' என்கிறோம்.

இரண்டாவது, லென்ஸின் இடப்பக்கம் வழியாக வந்த வெளிச்சத்தையும் வலப்பக்கம் வழியாக வந்ததையும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு உருவமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளப்பது. விலகலை வைத்தே எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று தெரிந்துவிடுவதால் தேடல் குறைவு. சென்சாரில், அதாவது படம் பதியும் சில்லில், சில புள்ளிகள் மட்டும் இந்த வேலையைச் செய்தால் ஃபேஸ் டிடெக்‌ஷன். எல்லாப் புள்ளியும் இரண்டாகப் பிரிந்து செய்தால் டூயல் பிக்சல். இருட்டில் டூயல் பிக்சல் தெளிவாகவே மேல்.

மூன்றாவது லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும். சில மீட்டர் வரைதான் எட்டும். இருட்டு அறையில் நல்ல துணை, கண்ணாடி குறுக்கே வந்தால் ஏமாறும்.

இரண்டாவது வழிக்கு ஒரு பலவீனம் உண்டு. இடம் வலமாக ஒப்பிடுவதால், ஒரே திசையில் ஓடும் கோடுகள் மட்டும் உள்ள காட்சியில் திணறலாம். விரித்து வைத்த சேலையின் வெறும் கோட்டுக் கரை, கோயில் படிக்கட்டு, ஷட்டர் கதவு போன்றவை. அப்போது போனை 45 டிகிரி சாய்த்து லாக் செய்துவிட்டு, நேராக்கி எடுங்கள். பல போன்களில் உடனே பிடித்துக்கொள்ளும்.

படம் தெளிவில்லை. ஃபோகஸ் கோளாறா, கை ஆட்டமா, எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தைப் பெரிதாக்கி வெளிச்சப் புள்ளிகளையும் முன்பின் பொருள்களையும் பாருங்கள். முகம் மங்கல், ஆனால் பின்னால் உள்ள செங்கல் சுவர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் பிசகு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, விளக்குகள் சின்னக் கோடுகளாக இருந்தால் கை ஆட்டம். சுவர் தெளிவு, ஓடுகிற பிள்ளை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. எதிலும் கூர்மை இல்லாமல், விளக்கைச் சுற்றிப் புகை போலப் பரவியிருந்தால் லென்ஸில் எண்ணெய்க் கைரேகை. சட்டைப் பையில் போட்டு எடுக்கும் போனில் கடைசிக் காரணம்தான் அதிகம். பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள், மற்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

ஏற்காட்டில் மூடுபனி இறங்கியதும் ஃபோகஸ் அலைகிறதே?

ஃபோகஸுக்கு விளிம்பு வேண்டும்; கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் வேண்டும். பனி இரண்டையும் ஒரே சாம்பலாக்கிவிடுகிறது. ஏரிக்கரையில் நின்று வெறும் வெண்மையை நோக்கிப் பிடித்தால் எந்தப் போனும் முன்னும் பின்னும் ஓடிக் களைத்து, எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடும்.

செய்ய வேண்டியது: பனிக்குள் கருப்பாகத் தெரியும் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். காபித் தோட்டமாக இருந்தால் வேலை சுலபம். நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிற்கும், அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மரத்தண்டின் ஓரம் பனியோடு சேரும் கோட்டைத் திரையின் நடுவில் வைத்து அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். பிறகு போனைத் திருப்பி, வேண்டிய காட்சியை அமைத்துக்கொள்ளுங்கள். மரம் 5 மீட்டருக்கு அப்பால் இருந்தால் போதும். வழக்கமான மெயின் கேமராவில் ஏறத்தாழ இரண்டரை மூன்று மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே அதற்குப் பின்னால் தொடுவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். சென்சார் சிறிது, லென்ஸ் குட்டை என்பதால் கிடைக்கும் இலவசம் இது. 3 எக்ஸ், 5 எக்ஸ் லென்ஸுக்கு மாறினால் இந்தச் சலுகை போய்விடும். அங்கே நீங்கள் எடுக்கும் பொருளிலேயே ஃபோகஸ் வைக்க வேண்டும்.

லாக் செய்தபின் வெளிச்சத்தை 0.3 முதல் 0.7 வரை ஏற்றுங்கள். கேமரா வெண்மையைப் பார்த்ததும் அதிக வெளிச்சம் என்று எண்ணி இருட்டாக்கும்; பனி அழுக்குச் சாம்பலாக விழும்.

ஏசி போட்ட காரிலிருந்து ஈரக் காற்றுக்குள் இறங்கினால் லென்ஸ் மேல் நீராவி படியும். அது ஃபோகஸ் கோளாறு மாதிரியே தெரியும். மலை ஏறி முடிப்பதற்கு முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால் போன் வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும். படிந்துவிட்டால் துடைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். டீக்கடை அடுப்பருகே காட்டிக் காய வைக்க வேண்டாம்.

காபிப் பூவைக் கிட்டத்தில் எடுக்க முடியவில்லை. நெருங்க நெருங்க மங்குகிறது.

ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குமேல் நெருங்காதே என்று ஒரு தூரம் உண்டு. சாதாரண போனின் மெயின் கேமராவில் 8 முதல் 10 செ.மீ. பெரிய சென்சார் வைத்த விலையுயர்ந்த போன்களில் இது 15 முதல் 25 செ.மீ. வரை போகும். விலை அதிகம் கொடுத்தவருக்கு நெருங்கும் வசதி குறைவு என்பது கேட்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அப்படித்தான். அதனால் அந்தப் போன்கள் கிட்டம் வந்ததும் சத்தமில்லாமல் அல்ட்ராவைடு, அதாவது அகலமான காட்சி எடுக்கும் கேமராவுக்குத் தாவி, அதையே மேக்ரோ என்று காட்டுகின்றன. 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ அப்படி 2 செ.மீ. வரை நெருங்குகிறது. திரை திடீரென்று ஒரு குதி குதிப்பது இந்தத் தாவல்தான். பிடிக்காவிட்டால் திரையில் வரும் பூக் குறியைத் தட்டி நிறுத்தலாம். அது வராவிட்டால் செட்டிங்ஸில் மேக்ரோ கன்ட்ரோலை ஆன் செய்யுங்கள்.

மேக்ரோ இல்லாத போனில் வழி எளிது: பின்னால் வாருங்கள், 2 எக்ஸ் ஜூம் வையுங்கள். 20 செ.மீ. தள்ளி நின்று 2 எக்ஸில் எடுத்த பூ, 10 செ.மீ.யில் மங்கலாக எடுத்த பூவைவிட எப்போதும் மேல். நிழலும் பூமேல் விழாது. பட்ஜெட் போன்களில் '2 மெகாபிக்சல் மேக்ரோ' என்று தனி லென்ஸ் இருக்கும். அது பெரும்பாலும் 4 செ.மீ. தூரத்திலேயே நிரந்தரமாக நிறுத்தப்பட்டது; தட்டினாலும் எதுவும் நகராது. போனைத்தான் நகர்த்த வேண்டும். அதில் எடுப்பதைவிட 2 எக்ஸ் எங்கள் தேர்வு.

காபி பூப்பது மார்ச், ஏப்ரல் வாக்கில் நல்ல மழை ஒன்று விழுந்து ஒரு வாரம் பத்து நாளில். மலர்ந்தால் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். கிளையின் ஒவ்வொரு கணுவிலும் மல்லிகைச் செண்டு கட்டியது போல வெள்ளைக் கொத்து. ஒவ்வொரு பூவிலிருந்தும் மகரந்தத் தண்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 10 செ.மீ. தூரத்தில் மெயின் கேமராவில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர் மட்டும். கொத்தின் கனமோ அதைவிட அதிகம். முன்னால் நிற்கும் பூவின் மகரந்த நுனி தெளிவாக இருந்தால் பார்ப்பவர் கண் திருப்தியாகும். பின் இதழ் தெளிவாகி நுனி மங்கினால் படமே பிசகாகத் தோன்றும். நவம்பருக்குப் பிறகு சிவக்கும் பழத்திலும் அதே கணக்கு: முன்னால் உள்ள பழத்தின் நுனியில் தொப்புள் போல ஒரு வட்டம் இருக்கும், அதைத் தட்டுங்கள்.

மலையில் காற்று நிற்காது. கிளை ஆட ஆட ஃபோகஸ் துரத்திக்கொண்டே இருக்கும். இங்கே லாக் வேறு விதமாக உதவும். பூவில் லாக் செய்துவிட்டு, ஷட்டரைப் பிடித்துத் தொடர் படம் எடுத்துக்கொண்டே உடம்பை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசையுங்கள். பத்துப் பதினைந்து படத்தில் இரண்டு மூன்றாவது சரியான தூரத்தில் விழும். மற்றவற்றை அங்கேயே அழித்துவிடலாம். ஐபோனில் ஷட்டர் பட்டனை இடப்பக்கம் இழுத்தால் தொடர் படம். பல ஆண்ட்ராய்டுகளில் கீழே இழுக்க வேண்டும், சிலவற்றில் அழுத்திப் பிடித்தால் போதும்.

மலைப்பாதையில் பஸ் ஜன்னல் வழியாக எடுத்தால் கண்ணாடித் தூசிதான் விழுகிறது.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காட்சி மாறும். போனோ கண்ணாடியில் உள்ள மழைத்துளியையே பிடித்துக்கொண்டிருக்கும். லேசர் உள்ள போனாக இருந்தால் இன்னும் மோசம், அது கண்ணாடியையே தூரமாக எண்ணும்.

லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வையுங்கள். அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் தூசியை லென்ஸால் ஃபோகஸ் செய்யவே முடியாது, எனவே அது கரைந்து மறைந்துவிடும். உங்கள் சட்டையின் பிரதிபலிப்பும் போகும். ஆனால் எஞ்சின் அதிர்வு போனுக்கு ஏறாமல் இருக்க, கண்ணாடிக்கும் போனுக்கும் நடுவே விரலை வையுங்கள். எதிர் மலைச் சரிவில் லாக். ப்ரோ மோட் இருந்தால் எம்எஃப்பை மலை முனைக்கு இழுத்துவிட்டு, ஷட்டர் வேகம் 1/500 விநாடி அல்லது அதைவிட வேகமாக. பாதையோர மரங்கள் வேண்டுமென்றால் 1/1000-உம் போதாமல் போகலாம். வண்டியை ஓட்டுபவர் இந்த வேலையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறோம்.

ஏற்காட்டில் லேடிஸ் சீட் காட்சிமுனையிலிருந்து இரவில் சேலம் விளக்குகளை எடுத்தால் எல்லாம் உருண்டை உருண்டையாக வருகிறது.

ஒவ்வொரு விளக்கும் தட்டு மாதிரி விரிந்திருந்தால் ஃபோகஸ் கிட்டத்தில் நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் முன்னால் உள்ள கம்பித் தடுப்பையோ செடியையோ பிடித்திருக்கும்.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். அது எதிர்ச் செடிக்கு வெளிச்சம் போட்டு ஃபோகஸை இழுக்கும். சேலம் வரை எட்டாது. பிறகு விளக்குகள் நெருக்கமாக உள்ள இடத்தைத் தேடி, 2 எக்ஸ் வைத்துப் பார்த்தபடி லாக் செய்யுங்கள். ஜூமை மாற்றினால் லென்ஸே மாறி லாக் போய்விடக்கூடும். அதனால் எந்த ஜூமில் எடுக்கப் போகிறீர்களோ அதிலேயே லாக் செய்வது நல்லது.

ப்ரோ மோடில்: எம்எஃப்பை மலை முனை வரை கொண்டுபோய், அங்கிருந்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வாருங்கள். சில போன்களில் கோட்டின் கடைசிப் புள்ளி தொடுவானத்தையும் தாண்டி நிற்கும். கடைசி வரை இழுத்தவர்கள் மங்கல் படத்தோடு திரும்புவது இதனால்தான். ஒரு தெருவிளக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது மிகச் சிறிய புள்ளியாகும் இடமே சரியான இடம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் 2 விநாடியில் தொடங்கி ஏற்றி இறக்குங்கள். போனைச் சுவரில் சாய்த்து, பட்டனைத் தொட்ட ஆட்டம் அடங்க 3 விநாடி டைமர் வையுங்கள். ஸ்டாண்ட் இருந்தால் மெத்த நல்லது, ஆனால் மலைக்காற்றில் கையகல ஸ்டாண்டைவிடச் சுவர்தான் உறுதி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறோம். ஃபோகஸே நிற்பதில்லை.

பளபளக்கும் பொருளில் போன் பார்ப்பது பொருளை அல்ல, அதில் தெரியும் டியூப்லைட்டை. கண்ணாடியில் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது கண் கண்ணாடியின் மேல் நிற்காமல் அதற்குப் பின்னால் போகிறதல்லவா, அதேதான் இங்கேயும். கொலுசு 25 செ.மீ.யில் இருக்கும், பிரதிபலிக்கும் விளக்கோ 2 மீட்டர் தள்ளி. போன் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும்.

இதற்கு ஒரு கடைசித் தீர்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடலாம். அச்சடித்த விலைச்சீட்டை எடுத்துக் கொலுசின் மேல் வையுங்கள். எழுத்தின் மேல் அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். சீட்டை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். எழுத்தைவிடக் கூர்மையான விளிம்பு ஃபோகஸுக்குக் கிடையாது. ஒருமுறை லாக் செய்தால், போன் ஸ்டாண்டிலேயே இருக்கும்வரை அடுத்தடுத்து ஐம்பது ஜோடி கொலுசை வைத்து எடுக்கலாம். வெவ்வேறு உயரமுள்ள பொருள் வந்தால் மட்டும் மறுபடி லாக்.

மற்றவை. கொலுசை வளைத்து வைக்காமல் நீளவாட்டில் படுக்க வைத்து, போனை அதற்கு இணையாக மேலே பிடியுங்கள். அப்போது திருகாணி முதல் கடைசிச் சலங்கை வரை ஒரே தூரத்தில் வரும். சாய்வாகப் பிடித்தால் நடுவில் இரண்டு விரல் அகலம் மட்டும் தெளியும். தூரம் 25 முதல் 30 செ.மீ., ஜூம் 2 எக்ஸ். ஜன்னல் வெளிச்சத்துக்குக் குறுக்கே பட்டர் பேப்பர் கட்டினால் பளபளப்பு அடங்கி வேலைப்பாடு தெரியும். கடை எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கருங்கோடு வந்தால் அது ஃபோகஸ் சமாச்சாரமே அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

3 எக்ஸ் டெலிஃபோட்டோ உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த லென்ஸின் குறைந்தபட்ச தூரம் பல போன்களில் அரை மீட்டருக்கும் மேல். அதைவிட நெருங்கினால் திரையில் 3 எக்ஸ் என்று போட்டுவிட்டு, மெயின் கேமராப் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். சந்தேகமிருந்தால் டெலிஃபோட்டோ லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளவில்லை என்றால் அது வேலை செய்யவே இல்லை.

வெண்பட்டு வேட்டியை எடுத்தால் அலை அலையாக வானவில் கோடு வருகிறது?

நெசவின் இழை வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. ஃபோகஸ் சரியாக இருப்பதால்தான் வருகிறது! ஒரு சாண் முன்னோ பின்னோ நகருங்கள், அல்லது துணியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் முகம் மாறி மாறிப் பிடிக்கிறது.

முகம் அறியும் ஃபோகஸ் பெரிய முகத்தையும் கிட்டத்து முகத்தையும் விரும்பும். கரகம் எடுத்து வருபவர் 4 மீட்டரில், குறுக்கே எட்டிப் பார்ப்பவர் 1 மீட்டரில் என்றால் போன் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆளைத் துரத்துவதை விடுங்கள், இடத்தைப் பிடியுங்கள். ஊர்வலம் எந்த இடத்தைக் கடக்கும் என்று பார்த்து, அங்கே தரையில் உள்ள கோலத்திலோ பக்கத்துக் கம்பத்திலோ லாக் செய்துவிட்டுக் காத்திருங்கள். அவர் அந்தக் கோட்டை மிதிக்கும்போது தொடர் படம். பகலில் நடப்பவருக்கு 1/250, ஆடுபவருக்கு 1/500 ஷட்டர் வேண்டும்.

'டிராக்கிங்' என்ற வசதி இருந்தால் ஆள் தனியாக ஓடும் மைதானத்தில் நன்றாக வேலை செய்யும். நெரிசலில் அதை நம்ப முடியாது.

போர்ட்ரெய்ட் மோடில் தலையில் வைத்த பூச்சரம் பாதி மங்கிவிடுகிறது. ஃபோகஸ் தவறா?

இல்லை. அந்த மங்கல் லென்ஸ் உண்டாக்கியது அல்ல, எது ஆள், எது பின்னணி என்று போன் ஊகித்து வரைந்தது. முடியிழை, ஜிமிக்கி, மல்லிகைச் சரத்தின் விளிம்பு போன்றவற்றில் ஊகம் தவறும். ஆள் 1 முதல் 2 மீட்டரில் நிற்கட்டும், பின்னணி அவரிடமிருந்து இன்னும் 2 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். கருங்கூந்தலுக்குப் பின்னால் கருங்கதவு வேண்டாம். எடுத்தபின் எடிட்டில் மங்கல் அளவைக் குறைத்தால் பிசிறு பாதி மறையும்.

செல்ஃபி மட்டும் கிட்டத்தில் மங்குகிறது.

பல போன்களின் முன் கேமரா ஒரே தூரத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டது. கை நீளத்துக்கு, அதாவது அரை மீட்டர் சுமாருக்கு, கணக்கிட்டிருப்பார்கள். கையை நீட்டிப் பிடியுங்கள். அல்ட்ராவைடு கேமராவும் பல போன்களில் இப்படித்தான்.

தட்டுவடை செட் போடுவதை வீடியோ எடுத்தால் ஃபோகஸ் உள்ளே வெளியே போகிறது.

கை உள்ளே வரும், சட்னிக் கரண்டி குறுக்கே போகும், துருவிய பீட்ரூட் விழும். தொடர் ஃபோகஸ் ஒவ்வொன்றையும் துரத்தும். ரெக்கார்டை அமுக்குவதற்கு முன்பே தட்டுவடையின் மேல் அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். கை மேலே வரும்போது கொஞ்சம் மங்கும், மங்கட்டும். பார்ப்பவர் கண் தட்டிலேயே நிற்கும். போனைத் தட்டிலிருந்து 35, 40 செ.மீ. உயரத்தில் வைத்து 2 எக்ஸ் போட்டால் கையும் பெரிதாக மங்காது, எண்ணெயும் லென்ஸில் தெறிக்காது.

சில ப்ரோ வீடியோ மோடுகளில் 'பீக்கிங்' என்று இருக்கும். தெளிவாக உள்ள விளிம்புகளுக்குப் பச்சை அல்லது சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். மேனுவலில் எடுப்பவர் அதை ஆன் செய்துகொள்ளலாம்; கோடு வீடியோவில் பதிவாகாது.

காட்டுமாடு தூரத்தில் தெரிந்தது. ஜூம் செய்தால் முன்னால் உள்ள கிளையைப் பிடிக்கிறது.

ஜூமில் தெளிவின் ஆழம் சுருங்கும், அதனால் கிளை வெல்லும். மாட்டின் முதுகு வானத்தோடோ புல்லோடோ சேரும் விளிம்பைத் தட்டி லாக் செய்யுங்கள். முடியாவிட்டால், அதே தூரத்தில் மறைவில்லாமல் தெரியும் மரத்தில் லாக் செய்து திரும்புங்கள். நெருங்கிப் போய் எடுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒரு டன் எடை வரை வளரும் விலங்கு அது, வண்டியை விட்டு இறங்காமல் இருப்பதே சரி.

பைக்கில் ஏற்காடு போய் வந்தபிறகு போன் கேமரா நடுங்குகிறது. தொடர்பு உண்டா?

உண்டு. ஆட்டம் குறைக்கும் வசதி உள்ள கேமராவில் லென்ஸ் மிதந்தபடி இருக்கும். லேசாக ஆட்டினால் கடகட என்ற சத்தம்கூடக் கேட்கும், அது கோளாறு அல்ல. ஆனால் ஹேண்டில்பாரில் நேராக மாட்டிய போனுக்கு எஞ்சினின் உயர் அதிர்வு நேரடியாக ஏறும். பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு ஐபோனின் ஆட்டக் குறைப்பையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. மேப் பார்க்க வேண்டியிருந்தால் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த மவுன்ட் போடுங்கள், இல்லையென்றால் போன் பையிலேயே இருக்கட்டும். காரில் காந்த ஹோல்டர் வைப்பவர்கள் கவனிக்க: லென்ஸை நகர்த்துவதே காந்தம்தான். கேமராவுக்கு அருகில் வலுவான காந்தம் இருந்தால் ஃபோகஸ் நிலை தவறலாம். கவரையும் ஹோல்டரையும் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள்.

பழுதா இல்லையா என்று சோதிக்க: நல்ல வெளிச்சத்தில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 30 செ.மீ., 1 மீட்டர், 3 மீட்டர் என மூன்று தூரத்தில் எழுத்தைத் தட்டி எடுங்கள். கிட்டத்தில் மட்டும் தெளிவு, தூரத்தில் எப்போதும் மங்கல் என்றாலோ, இதற்கு நேர்மாறாக இருந்தாலோ, லென்ஸ் ஒரு முனையில் சிக்கியிருக்கிறது. போனை அணைத்துப் போட்டு, லென்ஸ் மேல் ஒட்டிய கண்ணாடிக் கவரை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று தூரத்திலும் சரி, இருட்டில் மட்டும் மங்கல் என்றால் பழுது இல்லை, வெளிச்சம்தான் போதவில்லை. சிக்கியிருப்பது உறுதியானால் தட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். அது கேமரா மாட்யூலையே மாற்ற வேண்டிய வேலை.

மங்கலாக விழுந்த படத்தைப் பிறகு ஆப்பில் தெளிவாக்க முடியுமா?

லேசான கை ஆட்டத்தை ஓரளவு மீட்கலாம். ஃபோகஸ் தவறிய முகத்தை 'தெளிவாக்கும்' ஆப், இல்லாத கண்ணிமையைப் புதிதாக வரைகிறது. வேறு யாரோ மாதிரி இருக்கும். இன்னும் மலையில்தான் இருக்கிறீர்கள் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.